அப்பத்தாவுக்கு வந்து சேராத சேதி

என் டிரங்குப் பெட்டியில் பழைய மணியார்டர் ரசீதுகள் ஒரு கட்டு கிடக்கிறது. தபால் இலாகாவில் வேலை பார்த்தவன் வீட்டில் இப்படிப்பட்ட காகிதங்கள் இருப்பது ஆச்சரியமில்லை. போன வாரம் வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்தக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 1972இல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாதாமாதம் அப்பாவுக்கு நான் அனுப்பிய பணத்துக்கு, பெற்றுக்கொண்டதாக ஊரிலிருந்து திரும்பி வந்த சீட்டுகள் அவை.

1977 நடுவில் வரை எல்லாச் சீட்டிலும் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. பஞ்சுப் பேட்டையில் கணக்கு எழுதியவர். எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் சீட்டுகளில் கையெழுத்து இல்லை. நீல மையில் இடது கைப் பெருவிரல் ரேகை. பிறகு 1979 ஏப்ரலில் மறுபடியும் கையெழுத்து.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஏன் கைநாட்டு வைத்தார், எப்படி மறுபடியும் கையெழுத்துக்குத் திரும்பினார் என்பதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு வந்தது ஒரே வியாதி, கண்புரை. ஆனால் மூன்று பேருக்கும் முடிவு வேறு வேறாக இருந்தது.

அப்பத்தாவின் காலம்

அப்பத்தாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தபோது எனக்கு ஏழு வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். "கண்ணுல சதை வளந்துருச்சு" என்று சொல்வார்கள். உண்மையில் சதை எதுவும் வளர்வதில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வயதாக ஆக, முட்டையின் வெள்ளைக் கரு வேகும்போது வெளுப்பதைப் போல அது வெளுத்து மறைக்கும். அவ்வளவுதான். அதன் பின்னால் இருக்கும் நரம்பும் திரையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மறைக்கும் லென்ஸை எடுத்துவிட்டால் பார்வை திரும்பும்.

இது எங்களுக்குத் தெரியாது. வயசானால் முடி நரைக்கிறது, பல் விழுகிறது, கண் போகிறது என்று வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கம்பின் ஒரு முனையை அப்பத்தா பிடித்துக்கொள்ளும், மறு முனையை நான் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவேன்.

சாயங்காலமானால் பஞ்சாயத்து ரேடியோ பாடும் இடத்துக்குப் போய் உட்கார வேண்டும் அதற்கு. சேதி கேட்காமல் சாப்பிடாது. 1962இல் சீனாக்காரன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்பதை எங்கள் தெருவுக்கே வந்து சொன்னது அப்பத்தாதான். நேரு இறந்த சேதியைக் கேட்டு அன்றைக்கு ராத்திரி அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சொன்னதும் அதுதான். இமயமலைச் சேதி தெரிந்த அந்தக் கிழவிக்கு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மதுரையில் தன் கண்ணைத் திறக்க வழி இருந்தது தெரியாது. 1967இல் இருட்டிலேயே போய்ச் சேர்ந்தது.

அதற்கு இன்னொரு பயமும் இருந்தது. அதன் இளவயதில் நாத்தனார் ஒருத்திக்குக் கண் தெரியாமல் போனபோது, ஊர் ஊராகச் சுற்றும் ஒரு கண் வைத்தியன் வந்து ஊசியால் குத்திவிட்டானாம். உடனே விளக்கு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூட அடையாளம் சொன்னாளாம். அவன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். சில நாளில் கண் சிவந்து, வலி தாங்காமல் கத்தி, அதோடு நிரந்தரமாகப் போய்விட்டது. "கண்ணுல கத்தி வச்சா கண்ணு போயிரும்" என்று அப்பத்தா சொன்னது மூட நம்பிக்கை இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னது. என்ன, அதன் கையில் இருந்த சேதி ஐம்பது வருஷம் பழசு.

தஞ்சாவூர் ராஜாவும் எழும்பூர் ஆஸ்பத்திரியும்

அந்த ஊசிக்காரனின் வித்தை மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதையிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. வெளுத்துப்போன லென்ஸை வெளியே எடுப்பதில்லை. கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். வழி திறந்து வெளிச்சம் தெரியும். ஆனால் லென்ஸ் உள்ளேயே கிடக்கும், ஊசியோடு கிருமியும் போகும், கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். தேர்ந்த கையில் ஓரளவு பலித்த இந்த முறை, ஊர் சுற்றிகளின் கையில் பல பேரின் கண்ணைக் கெடுத்தது. லென்ஸை அறுத்து வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சு நாட்டின் ஜாக் டாவியேல் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்தார்.

நான் நாலு வருஷம் தஞ்சாவூரில் வேலை பார்த்தேன். சரஸ்வதி மகால் வாசலை ஒரு நாளைக்கு இரண்டு தடவை தாண்டிப் போவேன். அங்கே கண் வைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் இருப்பது அப்போது தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒரு வைத்தியசாலை வைத்திருந்தார். அங்கே கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த குறிப்புகள் ஓவியங்களோடு கிடைத்திருக்கின்றன. நோயாளியின் கண் எப்படி இருந்தது, என்ன செய்தார்கள், பிறகு எப்படி ஆனது என்று இன்றைய ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் மாதிரியே இருக்கிறது. மன்னரே சில அறுவைகளைச் செய்திருக்கிறார் என்று ஆராய்ந்தவர்கள் நம்புகிறார்கள். இந்த ஏடுகள் கண் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது 2003இல்தான்.

சரபோஜி ஆண்ட காலத்திலேயே, 1819இல், சென்னையில் கண்ணுக்கென்று தனி ஆஸ்பத்திரி தொடங்கியது. அதுதான் இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்து உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரி என்று இதைச் சொல்வார்கள். கண் வலியை நாம் 'மெட்ராஸ் ஐ' என்கிறோமே, அந்தப் பெயரும் இங்கே 1918 வாக்கில் அந்த நோயைக் கவனித்து எழுதியதால் வந்தது என்பார்கள். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் இங்கேதான் தொடங்கியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தலைமை மருத்துவராக இருந்த கர்னல் எலியட், ஊசிக்காரர்களால் கெட்டுப்போன கண்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். அதாவது, அப்பத்தாவின் நாத்தனார் பட்ட அவஸ்தை சென்னை டாக்டர்களுக்கு அன்றைக்கே தெரியும். அதற்கு மாற்று வழியும் தெரியும். சென்னைக்குத் தெரிந்தது எங்கள் ஊருக்கு வந்து சேர இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று.

அப்பாவின் காலம்

அப்பாவுக்கு அறுபது வயதில் கண் போனது. தெருத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்து நாலு பேருக்குச் சொல்கிறவர் அவர். முதலில் பொடி எழுத்து போனது, பிறகு தலைப்பு போனது. பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார். அப்போது நான் தஞ்சாவூரில் இருந்தேன். அவர் எனக்கு எதுவும் எழுதவில்லை, எழுதவும் முடியாது. மணியார்டர் சீட்டில் கைரேகையைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. தபால் ஆபீஸ் மேஜையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. மறுநாளே லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

"ஆத்தாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. விடுப்பா" என்றார்.

ஆனால் காலம் மாறியிருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் நம் கரிசல் மண்ணிலேயே பிறந்தவர். வடமலாபுரம் கோவிந்தப்பா வெங்கடசாமி, 1918இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவ டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. படுக்கையில் கிடந்து எழுந்தவர், கண் மருத்துவம் படித்து, அந்தக் கோணல் விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுக்குத் தலைவரானார். அதாவது, அப்பத்தாவுக்குக் கண் போன அதே சமயத்தில் அவர் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் இருந்தார். நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றால் ஆஸ்பத்திரி ஜனங்களிடம் போகட்டும் என்று முகாம்கள் தொடங்கின. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு கண்ணொளித் திட்டம் கொண்டுவந்தது. 1976இல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புக்குத் தேசியத் திட்டம் ஆரம்பித்தது. அதே 1976இல்தான் டாக்டர் வெங்கடசாமி 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நாமெல்லாம் ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலி வாங்குகிற வயது அது.

முகாம் நடத்தியவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொண்டார்கள். ஆபரேஷன் இலவசம் என்று சொன்னால் மட்டும் கிழவர்கள் வருவதில்லை. பஸ் காசு வேண்டும். சாப்பாடு வேண்டும். கூடத் துணைக்கு வருகிறவனுக்கு அன்றைய கூலி போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, பயம் போக வேண்டும். அதனால் வண்டி வைத்துக் கூட்டிப்போய், சோறு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பயம் போனதற்குக் காரணம் நோட்டீஸோ மைக் செட்டோ இல்லை. கண் திறந்து ஊருக்குத் திரும்பிய ஒரு கிழவர் நடமாடினால் அடுத்த முகாமுக்குப் பத்துப் பேர் தானாக வந்தார்கள்.

எங்கள் அப்பாவும் அப்படித்தான் போனார். பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியவர் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து, மறுபடியும் தராசைப் பார்த்து நிறுக்க ஆரம்பித்தார். நான் லீவு போட்டு வந்து சொன்னதற்கெல்லாம் அசையாதவர், அந்தக் கடைக்காரர் தராசு முள்ளைப் பார்த்துச் சொன்னதும் கிளம்பிவிட்டார்.

1979 ஜனவரி. பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. தலையை அசைக்கக் கூடாது, தும்மக் கூடாது, இருமக் கூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அப்பா விரலைச் சொல்லவில்லை. "உங்க சட்டைப் பையில பேனா மை கசிஞ்சிருக்குங்க" என்றார்.

அப்போதெல்லாம் கண்ணின் லென்ஸை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே எதுவும் வைப்பதில்லை. வெளியே சோடா புட்டிக் கண்ணாடிதான். எல்லாம் கால் பங்குக்குக் குறையாமல் பெரிதாகத் தெரியும். படி பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், காலை வைத்தால் இருக்காது. பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியாது, திடீரென்று எதிரே குதிக்கும். கண்ணாடியைக் கழற்றினால் மறுபடியும் குருடுதான். ஒருமுறை பஸ்ஸில் அப்பாவின் கண்ணாடி விழுந்து உடைந்து, புதுசு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

ஆனாலும் பேப்பர் மறுபடி வந்தது. ஏப்ரல் மாத மணியார்டர் சீட்டில் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக, கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. கண்ணாடியில் எல்லாம் பெரிதாகத் தெரிந்ததால் எழுத்தும் பெரிதாகிவிட்டது போலும். அப்பா அதற்குப் பிறகு 11 வருஷம் இருந்தார். கடைசி நாள் காலையிலும் பேப்பர் படித்தார்.

கண்ணுக்குள் ஒரு லென்ஸ்

அந்தச் சோடா புட்டியை ஒழித்தது இரண்டாம் உலகப் போரில் கிடைத்த ஒரு பாடம். இங்கிலாந்தின் போர் விமானங்களில் பைலட்டின் முன்னால் இருந்த பிளாஸ்டிக் கூரை குண்டு பட்டுச் சிதறியபோது, துண்டுகள் சிலருடைய கண்ணுக்குள் போயின. மற்ற பொருளாக இருந்தால் கண் புண்ணாகிவிடும். இந்தப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் பொறுத்துக்கொண்டதை ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைக்க மாட்டீர்களா என்று ஒரு மாணவர் அவரிடம் கேட்டாராம். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். பெரிய டாக்டர்கள் பல பேர் வருஷக்கணக்கில் அவரை எதிர்த்தார்கள். முதுமையில் அவருடைய கண்ணுக்குள்ளும் அதே வகை லென்ஸ்தான் வைத்தார்கள். அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் டாக்டர் பல்லைச் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியைப் பார்த்து யோசனை பிடித்து, 1967இல் புரையை உள்ளேயே உடைத்துச் சின்னத் துளை வழியாக உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்.

ஆனால் வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்கு எட்டாது. பணக்காரருக்கு உள்ளே லென்ஸ், ஏழைக்கு வெளியே சோடா புட்டி என்று கொஞ்ச காலம் இருந்தது. 1992இல் அரவிந்த் குழுமம் மதுரையிலேயே அரோலேப் என்று தொழிற்கூடம் தொடங்கி லென்ஸைத் தானே செய்ய ஆரம்பித்தது. விலை பல மடங்கு இறங்கியது. இன்று அந்த மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

என் கதை

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குக் கண் மங்கியது. 2018. ராத்திரியில் தெரு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பேப்பரில் தலைப்பு மட்டும் படித்தேன். அப்பாவுக்குக் கம்பு பிடித்தவன், எல்லாம் தெரிந்தவன், நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஆபரேஷன் வேண்டாம், இந்தச் சொட்டு மருந்து புரையைக் கரைத்துவிடும் என்று. அனுப்பியவர் கூட வேலை பார்த்த நல்ல மனிதர். படித்தவர். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கும் யாரோ அனுப்பியது. பதினோரு மாதம் அந்தச் சொட்டைப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் தெளிவாக இருப்பது போலவே எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலையில் பிரஷர் மாத்திரையை எடுப்பதாக நினைத்து, என் மனைவியின் சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு அட்டையும் ஒரே நிறம், பெயர் படிக்கத் தெரியவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, சாப்பிடாமல் கோயிலுக்குக் கிளம்பியவன் வாசலிலேயே தலை சுற்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர் கையைப் பார்த்ததை விடக் கண்ணைத்தான் அதிகம் பார்த்தார். "ஐயா, முதல்ல இதை எடுங்க. அடுத்த தடவை இடுப்பு எலும்பு உடையும்" என்றார்.

2019இல் இரண்டு கண்ணிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டேன். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் கட்டை எடுத்ததும் முதலில் தெரிந்தது, வெள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சுவர் உண்மையிலேயே வெள்ளை என்பது. அத்தனை நாளும் அதை மஞ்சளாகப் பார்த்திருக்கிறேன்.

நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

அப்பத்தாவுக்குச் சேதி வரவில்லை. அப்பாவுக்குச் சேதி நடந்து வந்தது, பக்கத்துத் தெருவிலிருந்து. எனக்கு ஒரு நாளைக்கு நூறு சேதி வந்தது, அதில் பொய்யைப் பிடித்துக்கொண்டேன். நல்ல உடம்புக்கு நல்ல சேதியும் ஒரு மருந்து என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே நம் வயதுக்காரர்களுக்கு, உறுதியாகத் தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று நிரூபிக்கப்பட்டது இன்றுவரை எதுவும் இல்லை. தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கடைக்காரர் கொடுக்கும் சொட்டைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். முன்காலம் போலப் புரை "முற்றட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

புரை போனால் திரும்ப எடுக்கலாம். கண் நீர் அழுத்த நோயும், சர்க்கரையால் விழித்திரையில் வரும் கோளாறும் அப்படி இல்லை. அவை வலிக்காமல் வரும், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அதனால் அறுபது தாண்டியவர்கள் வருஷம் ஒரு தடவை கண் அழுத்தமும், சொட்டு விட்டு உள் விழியும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் போக வேண்டும். அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், திரும்பும்போது வெளிச்சம் கூசும். திடீரென்று பார்வை குறைந்தாலும், மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலும், திரை விழுந்தது போல மறைத்தாலும், கண் சிவந்து கடுமையாக வலித்தாலும் மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்றால், அதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போடுவதோடு நிறுத்தாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்தப் பலசரக்குக் கடைக்காரர் தராசைக் காட்டிச் சொல்லாமல் இருந்தால், என் டிரங்குப் பெட்டியில் கடைசி வரை கைநாட்டுச் சீட்டுகளே இருந்திருக்கும்.